ஷேடோ ஒஃப் த கொலோசஸ்: விளையாடி முடித்தவளிடம் கேட்கப்படும் கேள்விகள்

இந்த வீடியோ விளையாட்டை முடித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் கதைக்கிறேன். கேட்டவர்களில் சிலர் தாங்களும் தொடங்கினார்கள். சிலர் பாதியில் விட்டார்கள். சிலர் முடித்துவிட்டு நடுராத்திரியில் போன் எடுத்தார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலும் கொட்டகலையிலும் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள், பக்கத்து லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தம்பிமார், அவர்களுடைய அம்மாமார் என எல்லோருக்கும் வருவது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். முடிவைச் சொல்லும் இடம் வரும்போது முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன். அதுவரை பயமில்லாமல் வாசிக்கலாம்.

இது என்ன கேம் அக்கா? கதை என்ன?

வாண்டர் என்ற இளைஞன், இறந்துபோன மோனோ என்ற பெண்ணைக் குதிரையில் கிடத்திக்கொண்டு, யாரும் கால் வைக்கக் கூடாத ஒரு நிலத்துக்குள் வருகிறான். கையில் திருடிக்கொண்டு வந்த ஒரு பழைய வாள். அங்கே உள்ள பெரிய கோவிலின் பலிபீடத்தில் அவளை வைத்து, உயிர் வேண்டும் என்று கேட்கிறான். கூரையின் திறப்பு வழியே இறங்கும் வெளிச்சத்திலிருந்து டோர்மின் என்ற உருவமில்லாத குரல் பதில் சொல்கிறது. கோவிலின் இரு பக்கச் சுவர்களிலும் 16 சிலைகள் நிற்கின்றன. மனிதக் கையால் அவற்றை உடைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சிலைக்கும் உரிய ஒரு பேருருவம் வெளியே அந்த நிலத்தில் உயிரோடு இருக்கிறது. 16-ஐயும் கொன்றால் சிலைகள் தாமே விழும், அப்புறம் அவளை எழுப்ப முடியலாம் என்கிறது குரல். விலை பெரிதாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. பரவாயில்லை என்கிறான் வாண்டர்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் பேருருவங்களைப் பூதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

யார் செஞ்சது? ரொம்பப் பழசாமே?

முதலில் வந்தது 2005-இல், பிளேஸ்டேஷன் 2-க்கு. இயக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த ஃபுமிட்டோ உவேதா. ஓவியம் படித்துவிட்டு விளையாட்டுத் துறைக்கு வந்தவர். ஒவ்வொரு காட்சியிலும் அது தெரிகிறது. இசை கோ ஒட்டானி. அப்புறம் 2011-இல் பிளேஸ்டேஷன் 3-க்குத் துலக்கிய பதிப்பும், 2018-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு முழுப் படத்தையும் புதிதாக வரைந்த பதிப்பும் வந்தன. இந்த இரண்டும் புளூபொயின்ட் என்ற நிறுவனத்தின் வேலை. நான் விளையாடியது 2018 பதிப்பு.

பழசு என்று தயங்க வேண்டாம். 2018 பதிப்பில் பூதத்தின் உடம்பில் முளைத்த புல்லும் மயிரும் காற்றில் தனித்தனியாக அசைகின்றன. விளையாடும் முறை மட்டும் பழையதுதான், அதை அவர்கள் மாற்றாமல் விட்டது நல்ல முடிவு.

போன்ல வருமா? கம்ப்யூட்டர்ல?

இரண்டிலும் வராது. பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 வேண்டும். டிஸ்க் வாங்கினால் இன்டர்நெட் இல்லாமலே விளையாடலாம். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கிற தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பாவித்த டிஸ்க்கை யாரிடமாவது கேட்டு வாங்கி, முடித்தபின் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். என் டிஸ்க்கும் இப்போது அப்படித்தான் ஊர் சுற்றுகிறது.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. புரியுமா?

புரியும். பாத்திரங்கள் பேசுவது இந்த விளையாட்டுக்காகவே உண்டாக்கிய ஒரு மொழி. அது உலகத்தில் யாருக்குமே புரியாது. எல்லோரும் கீழே வரும் எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும். அந்த எழுத்தும் மிகக் குறைவு. ஒவ்வொரு பூதத்துக்கும் முன்னால் டோர்மின் இரண்டு மூன்று வரியில் ஒரு குறிப்புச் சொல்லும். முதல் கேள்வியின் பதிலை வாசித்திருந்தால் தொடக்கத்தில் வரும் பேச்சுக்கும் உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது.

எங்க பார்த்தாலும் ஒண்ணுமே இல்லையே. சின்ன எதிரி இல்ல, ஊர் இல்ல, கடை இல்ல. போர் அடிக்காதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பாதியில் விட்டவர்கள் எல்லோரும் விட்டதும் இதனால்தான். வேறு விளையாட்டுகளில் பத்தடிக்கு ஒருமுறை ஏதாவது எடுக்க, அடிக்க, வாங்க இருக்கும். இங்கே ஒரு பூதத்திடமிருந்து அடுத்த பூதம் வரைக்கும் குதிரையில் போவது மட்டும்தான். அந்தப் பயணத்தில் இசைகூடக் கிடையாது. குளம்புச் சத்தம், காற்று, எங்கேயோ விழும் தண்ணீர், அவ்வளவுதான். எடுத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் மரத்தில் பழம் உண்டு, அது உயிர்ச் சக்தியைக் கூட்டும். வெள்ளை வால் பல்லி உண்டு, அது பிடிக்கும் தெம்பைக் கூட்டும்.

இந்த வெறுமைதான் விளையாட்டின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். ஒருவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். அந்த ஆசைக்கும் அவனுக்கும் நடுவில் பரந்த நிலம் கிடக்கிறது. அந்த நிலத்தில் அவனிடம் "எங்கேப்பா போற?" என்று கேட்க ஒருவரும் இல்லை. ஆறுதல் சொல்லவும் ஆளில்லை, வேண்டாம் என்று கையைப் பிடிக்கவும் ஆளில்லை. அந்தத் தனிமை நமக்குள் இறங்க நேரம் எடுக்கும். அதற்குத்தான் அவ்வளவு தூரம் ஓட்ட விடுகிறார்கள். அவசரமாக அடுத்த சண்டைக்கு ஓடினால் கிடைப்பது 16 சண்டைகள் மட்டும்தான்.

நம்ம பக்கம் மாதிரியே இருக்குன்னு சொல்றீங்களே, அப்படி எங்க இருக்கு?

முகில்தான். ஹப்புத்தளையில் தம்பதென்னை தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட் வரை விடியற்காலையில் ஏறியவர்களுக்குத் தெரியும். கீழே பள்ளத்தாக்கு முழுதும் வெளிச்சமாகத் தெரியும். அடுத்த நிமிடம் ஒன்றும் தெரியாது. திரும்ப விலகும்போது இருந்த மலையே வேறு மாதிரி நிற்கும். விளையாட்டிலும் தூரத்துப் பாறைகள் அப்படித்தான் மங்கிக் கரைந்து, கிட்டப் போகப்போக உருவம் எடுக்கின்றன. ஒரு பாறை என்று நினைத்தது எழுந்து நிற்கவும் செய்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் மலைகளில் ஆளில்லாத சரிவு கிடையாது. முகிலுக்குள் முகம் தெரியாவிட்டாலும் கொழுந்து எடுப்பவர்களின் பேச்சு கேட்கும், எங்கேயோ ஒரு லயத்துக் கூரையில் புகை எழும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த எனக்கு, படிக்கட்டும் தூணும் மட்டும் மிஞ்சி மனிதர் எவருமே இல்லாத மலையைப் பார்க்க நெஞ்சு கனத்தது. கைவிடப்பட்டுக் காடாகிப்போன தோட்டத்து டிவிஷன்களில், லயம் இடிந்து கோவில் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிற்கும்போது, இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு கேள்வி வருமே, அதே கேள்வி அந்த நிலம் முழுக்க வருகிறது. விளையாட்டு அதற்குப் பதில் சொல்வதில்லை.

வழி தெரியாம சுத்திக்கிட்டே இருக்கேன். என்ன செய்ய?

வெயிலில் நின்று வாளை உயர்த்துங்கள். வாளிலிருந்து சிதறும் வெளிச்சம், சரியான திசைக்குத் திரும்பும்போது ஒரே கோடாகக் குவியும். நிழலில் வேலை செய்யாது; குகைக்குள்ளோ மரத்தடியிலோ நின்றுகொண்டு கோளாறு என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, அது நேர்கோட்டுத் திசையைத்தான் காட்டும். நடுவில் மலை இருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். நமக்கு அது புதிதில்லை, எதிர்மலையில் தெரியும் ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலை) நாம் அப்படித்தானே போகிறோம்.

பூதத்து மேல ஏறினா ரெண்டு நிமிஷத்துல விழுந்துர்றேன். டிப்ஸ் சொல்லுங்க.

பிடிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் திரையில் தெம்பைக் காட்டும் வட்டம் சுருங்கிச் சுருங்கித் தீர்ந்துவிடும். பூதம் உதறாத நேரத்தில், அதன் முதுகிலோ தோளிலோ நிற்கத் தோதான இடத்தில் பிடியை விட்டு நில்லுங்கள். வட்டம் திரும்ப நிறையும். உதறத் தொடங்கியதும் பிடியுங்கள். உதறும்போது ஏறப் பார்ப்பதும் குத்தப் பார்ப்பதும்தான் எல்லோரையும் விழுத்துகிறது.

குத்துவதிலும் அவசரம் வேண்டாம். பலவீனமான இடத்தில் ஒளிரும் குறி தெரியும். அங்கே வாளை ஓங்கி எவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு ஆழமாக இறங்கும். எங்கே ஏறுவது என்று தெரியவில்லை என்றால் ஓடி ஒளிந்து ஒரு தரம் பூதத்தை நன்றாகப் பாருங்கள். முதல் பூதத்துக்குக் கெண்டைக்காலில் குத்தினால் முழங்காலிடும். ஆறாவது, உங்களைத் தேடித் தலையைக் குனியும்போது அதன் தாடி கைக்கு எட்டும். பதினோராவது உருவத்தில் சின்னது, ஆனால் பாய்ந்து முட்டும். தீயைக் கண்டால் பின்வாங்கும். மற்றவற்றை நீங்களே கண்டுபிடியுங்கள். யூடியூபில் வழி பார்த்துச் செய்தால் இந்த விளையாட்டில் பாதி போய்விடும்.

குதிரை சொன்னதைக் கேக்கவே மாட்டேங்குது. கேம்ல கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நாம் இயக்குவது வாண்டரைத்தான். வாண்டர் கடிவாளத்தை இழுப்பான். அக்ரோ என்ற அந்தக் குதிரை அதைக் கேட்டுத் தன் புத்தியோடு ஓடும். நெருக்கமான பாதையிலும் மரங்களுக்கு நடுவிலும் அது தானே வளைந்து போகும். நாம் ஓயாமல் திருப்பினால்தான் முரண்டு பிடிக்கும்.

நுவரெலியா ரேஸ் கோர்ஸ் பக்கம் சவாரிக்கு வரும் மட்டக்குதிரைகளில் ஏறியிருக்கிறீர்களா? லகானை வெட்டி இழுத்தால் அது நின்று தலையை ஆட்டும். கூடவே நடத்துகிற ஆள் கழுத்தைத் தட்டி, "விடுங்க, அதுக்குத் தெரியும்" என்பார். அக்ரோவிடமும் அதுதான். பத்தாவது பூதம் மணலுக்குள்ளால் துரத்தி வரும். அப்போது பின்பக்கம் திரும்பி அதன் கண்ணில் அம்பு விட வேண்டும்; முன்னால் பார்க்க வழியே இல்லை. குதிரையை நம்பி விட்டுவிட்டால்தான் அந்தச் சண்டை முடியும். அதுவரை குதிரையைத் திட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவன் அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு நாளும் திட்டவில்லை.

எவ்வளவு நேரம் எடுக்கும்? கரண்ட் போனா முதல்ல இருந்தா?

நிதானமாக விளையாடினால் 8 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் சிறுசிறு கோவில்கள் உண்டு, அங்கே சேமித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது வழமை. நீண்ட பயணம் போகும் வழியில் கோவிலைக் கண்டால் சேமிக்காமல் தாண்ட வேண்டாம்.

என் மகனுக்குப் பத்து வயசு. குடுக்கலாமா? ரத்தம் எல்லாம் வருமே.

பூதத்தைக் குத்தினால் கறுப்பாக ஏதோ பீறிட்டு வரும். கை கால் வெட்டுவது, கெட்ட வார்த்தை, அசிங்கம் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் வகைப்பாட்டில் இது பதின்ம வயதினருக்கு உரியது. நானாக இருந்தால் பத்து வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்க மாட்டேன். ரத்தத்துக்காக இல்லை, துக்கத்துக்காக. பக்கத்தில் நீங்களும் இருந்து பாருங்கள், அக்கா. "அது நம்மள ஒண்ணும் செய்யலையே, ஏன் குத்துறோம்?" என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

உங்களுக்குப் பிடிச்ச பூதம் எது?

பதின்மூன்றாவது. பாலைவனத்துக்கு மேலே பறக்கும் மிக நீளமான ஒன்று. மணலுக்குள்ளிருந்து எழும்பி, வானத்தில் வளைந்து வளைந்து நீந்துகிற மாதிரிப் போகும். வயிற்றில் காற்று நிறைந்த மூன்று பைகள். குதிரையில் ஓடிக்கொண்டே அம்பால் அவற்றை உடைத்தால் பாரம் தாங்காமல் தாழ இறங்கும். இரண்டு பக்கச் செட்டைகளும் மணலில் உரசிக்கொண்டு வரும். அக்ரோவை முழு வேகத்தில் பக்கத்தில் ஓட்டி, சேணத்தில் எழுந்து நின்று, செட்டைக்குத் தாவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் அது திரும்ப மேலே போகும். கீழே நிலம் சிறுத்துக்கொண்டே போக, காற்று முகத்தில் அறைய, முதுகில் நடந்து போவோம். நான் விளையாடிய எதிலும் இவ்வளவு அழகான நேரம் கிடையாது.

அந்தப் பூதம் கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட நம்மைத் தாக்குவதில்லை. அதைக் கவனித்த பிறகு என்னால் உடனே குத்த முடியவில்லை. முதுகில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சாதாரணமாகப் பூதங்களின் கண் நீலமாக இருக்கும், கோபம் வந்தால் செம்மஞ்சளாக மாறும். ஐந்தாவதாக வரும் பறவைப் பூதம் தூணில் உட்கார்ந்தபடி நம்மைப் பார்க்கும், அவ்வளவுதான். முதல் அம்பை விடுவது நாம்தான். இவற்றையெல்லாம் விளையாட்டு வாயால் சொல்லாது. பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

ஜெயிச்சா சந்தோஷமா இருக்கணுமே. பூதம் விழும்போது ஏன் ஒப்பாரி மாதிரி மியூசிக் போடுறாங்க?

சண்டை நடக்கும்போது இசை நம்மைத் தூக்கி நிறுத்தும். கடைசிக் குத்து இறங்கியதும் அது அறுந்து, மெதுவான சோக இசை வரும். பூதம் சரிந்து மண்ணோடு மண்ணாகும். அதன் உடம்பிலிருந்து கறுப்பு இழைகள் கிளம்பி வந்து வாண்டரைத் துளைக்கும். எவ்வளவு ஓடினாலும் தப்ப முடியாது. கண் விழிக்கும்போது கோவிலில் கிடப்பான். அவனைச் சுற்றி நிழல் உருவங்கள் நிற்கும், வீழ்த்திய பூதங்களின் எண்ணிக்கைக்கேற்ப அவை கூடிக்கொண்டே போகும். அப்புறம் ஒரு சிலை வெடித்து விழும்.

இரண்டு விஷயங்களை எல்லோரும் தவறவிடுகிறார்கள். பலிபீடத்தில் மோனோவைச் சுற்றி வெள்ளைப் புறாக்கள் ஒவ்வொரு தடவையும் கூடும். அதே நேரம் வாண்டரின் தோல் வெளிறும், முகத்தில் கறுப்புக் கோடுகள் படரும். அவள் பக்கம் உயிர் நெருங்க நெருங்க இவன் பக்கம் ஏதோ போகிறது. வெற்றி என்ற சொல் இங்கே எழுதப்படுவதே இல்லை. ஒரு பெரிய உயிரை வீழ்த்தினால் மனதில் உண்மையாகவே என்ன இருக்குமோ, அதை மறைக்காமல் காட்டுகிறார்கள். இந்த நேர்மைக்காகத்தான் நான் இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன்.

யூடியூப்ல பார்த்தா போதாதா?

போதாது. காரணம் கீழே குளத்தைப் பற்றிய கேள்வியில் வருகிறது. இதற்குப் பிறகு வரும் பதில்களில் முடிவு சொல்லப்படுகிறது. முடிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்ரோ செத்துருச்சா? உண்மையைச் சொல்லுங்க.

இல்லை. கடைசிப் பூதத்துக்குப் போகும் வழியில் பாலம் இடியும்போது அது வாண்டரை அக்கரைக்கு உதறிவிட்டுத் தான் ஆற்றில் விழும். ஆனால் முடிவில் பின்னங்காலை நொண்டிக்கொண்டு கோவிலுக்கு வந்து சேரும். பாலக் காட்சியோடு அணைத்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கும் பிள்ளைகளின் அம்மாமார் இதை மட்டும் சொல்லிவிடலாம்.

டோர்மின் சாமியா பேயா? நம்மள ஏமாத்திருச்சா?

கடைசியில் தெரிய வருவது இது: டோர்மினின் சக்தியை 16 துண்டுகளாகப் பிரித்து அந்தப் பூதங்களுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். வாண்டர் ஒவ்வொன்றாகக் கொன்றபோது அந்தத் துண்டுகள்தான் கறுப்பு இழைகளாக அவனுக்குள் போயின. எல்லாம் சேர்ந்ததும் டோர்மின் அவன் உடம்பை எடுத்துக்கொண்டு பெரிய உருவமாக எழுகிறது. வாண்டரைத் துரத்தி வந்த ஈமோன் என்ற பூசாரி, அந்தப் பழைய வாளைக் கோவில் குளத்தில் எறிந்து டோர்மினைத் திரும்பக் கட்டிவிடுகிறார்.

நிறையப் பேர் ஏமாற்று என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொடக்கத்தில் டோர்மின் சொன்னதை நினைத்துப் பாருங்கள் (முதல் பதில்). விலை பெரிது என்று சொன்னது. எழுப்பலாம் என்று சொன்னது. இரண்டும் நடந்தன, மோனோ எழுந்தாள். சொன்ன சொல்லை அது காப்பாற்றியிருக்கிறது. நம் தோட்டங்களில் எல்லையில் நிற்கும் முனியிடம் நேர்த்தி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கேட்டது கிடைக்கும், ஆனால் சொன்னதைச் செலுத்தியே ஆக வேண்டும். ஆண் குரலும் பெண் குரலும் ஒன்றாகச் சேர்ந்து பேசும் அதை நல்லது கெட்டது என்று ஒரு பக்கத்தில் நிறுத்த எனக்கு முடியவில்லை. சிறைப்பட்ட ஒன்று வெளியே வர வழி தேடியது, அவ்வளவுதான்.

கடைசில குளத்துக்குள்ள இழுக்குதே, அதுல தப்பிக்க வழி இருக்கா? நான் ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.

வழி இல்லை. நீங்கள் மட்டுமில்லை, எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தோம். வாண்டர் திரும்பச் சின்ன உருவமாகி, பலிபீடத்துப் பக்கம் ஓடப் பார்க்கிறான். குளத்திலிருந்து வரும் சுழற்காற்று பின்னால் இழுக்கிறது. படிக்கட்டின் விளிம்பைப் பிடிக்கலாம், கொஞ்சம் முன்னேறலாம், திரும்ப வழுக்கலாம். விளையாட்டு முழுக்க நம் விரல் ஒரே ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது, பிடி என்ற பொத்தானை. விழாமல் இருக்க, உயிர் தப்ப, அவளை மீட்க எல்லாவற்றுக்கும் அதுதான். கடைசியில் அதை விட வேண்டும், நாமே விட வேண்டும். விரல் வலித்தாலும் மனம் கேட்காது.

யூடியூபில் பார்த்தால் போதாது என்றது இதற்குத்தான். பார்க்கிறவருக்கு அது ஒரு நிமிடக் காட்சி. விளையாடியவருக்கு, ஒரு சாவை ஒத்துக்கொள்ளும் வேலை. எனக்குக் கை நடுங்கியது.

செத்தவங்கள எழுப்புறது நம்ம காமன் கூத்துலயும் இருக்கே. அங்க சந்தோஷம், இங்க மட்டும் ஏன் துக்கம்?

தலவாக்கலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டது. எனக்கு வந்த கேள்விகளில் சிறந்தது. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றி ஆடும் கூத்தில், சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த மன்மதனுக்காக ரதி அழுவாள். பிறகு மன்மதன் உயிர்த்தெழுவான். மேலோட்டமாகப் பார்த்தால் அதே கதைதான்.

ஆனால் ரதி எப்படிக் கேட்கிறாள்? அழுது கேட்கிறாள், எரித்தவரிடமே கேட்கிறாள். அதற்காக இன்னோர் உயிரைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதைவிட முக்கியம், அவள் தனியாக அழவில்லை. ராத்திரி முழுக்கத் தப்பு அடித்து, பாட்டுப் பாடி, தோட்டமே கூட நின்று அழுகிறது. நம் லயங்களில் ஒரு சாவு விழுந்தாலும் அப்படித்தானே. சாவு வீட்டுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்து ஆட்கள் கொட்டில் போட வருவார்கள், பக்கத்துக் காம்பரா (லய அறை) அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும், அழுகிறவளைப் பிடித்துக்கொள்ள நாலு பெண்கள் இருப்பார்கள். வாண்டருக்கு அப்படி ஒருவரும் இல்லை. மோனோவுக்குக் கெட்ட விதி என்று சொல்லி அவளைப் பலி கொடுத்ததே அவனுடைய ஆட்கள்தான். கூட இருந்து அழ வேண்டியவர்களே கொன்றுவிட்டார்கள். அவன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத நிலத்துக்கு வந்தான். அங்கே ஒரே ஒரு குரல்தான் அவனோடு பேசியது. போர் அடிக்காதா என்ற கேள்விக்குச் சொன்ன அந்தத் தனிமை, இங்கேதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அப்ப வாண்டர் நல்லவனா கெட்டவனா?

திருடினான், தன்னைத் தாக்காதவற்றையும் கொன்றான். அவளுக்காகத் தன்னை முழுதாகக் கொடுத்தான். இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும். ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்களோடு நான் ராத்திரி முழுக்க வாதாடத் தயார்.

கொம்பு முளைச்ச குழந்தை யாரு?

வாள் விழுந்த குளம் வற்றியதும் அங்கே கிடக்கும் குழந்தை, வாண்டர்தான். எழுந்து வரும் மோனோ அதைத் தூக்கிக்கொண்டு, நொண்டும் அக்ரோவோடு கோவிலின் உச்சியில் உள்ள தோட்டத்துக்குப் போகிறாள். உவேதாவின் முந்தைய விளையாட்டான ஐகோ 2001-இல் வந்தது. அதில் கொம்போடு பிறக்கும் பிள்ளைகளைக் கோட்டையில் அடைத்துப் பலி கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அந்தக் கொம்புப் பிள்ளைகளின் தொடக்கம் இந்தக் குழந்தை என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த இணைப்பு பிடித்திருக்கிறது, ஆனால் அது தெரியாமல் பார்த்தாலும் காட்சி குறையவில்லை.

பதினேழாவது பூதம் ஒண்ணு ஒளிஞ்சிருக்காமே? அந்தத் தோட்டத்துக்கு நாமளும் போகலாமா?

பதினேழாவது கிடையாது. 2005-க்குப் பிறகு வருடக்கணக்கில் உலகம் முழுக்க ஆட்கள் தேடினார்கள், ஒவ்வொரு பாறை இடுக்காகத் தேடினார்கள். அந்தத் தேடலுக்கு மரியாதையாக 2018 பதிப்பில் 79 பொற்காசுகளை நிலமெங்கும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்தால் ஒரு வாள் கிடைக்கும்.

தோட்டத்துக்குப் போகலாம். கோவிலின் வெளிச்சுவரில் படர்ந்த பாசியைப் பிடித்து ஏற வேண்டும், அதற்கு நிறையத் தெம்பு வேண்டும். வெள்ளை வால் பல்லிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வையுங்கள். உச்சியில் பழ மரங்கள் உண்டு. அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் மற்றப் பழங்களுக்கு நேர்மாறாக நம் சக்தி குறையும். தெரிந்தே ஒன்றைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

முடிச்சிட்டேன் அக்கா. வேற எதுவும் விளையாட மனசு வரல. அடுத்து என்ன செய்ய?

சில நாள் ஒன்றும் விளையாட வேண்டாம். அப்புறம் 2016-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த த லாஸ்ட் கார்டியனை எடுங்கள். அதுவும் உவேதாவுடையது. ஒரு சிறுவனும், செட்டை முளைத்த பெரிய மிருகம் ஒன்றும். அந்த மிருகம் சொன்னதை உடனே கேட்காது. அக்ரோவோடு பழகியவர்களுக்கு அது கஷ்டமாக இருக்காது. ஐகோ விளையாட பிளேஸ்டேஷன் 2 அல்லது 3 வேண்டும்; எங்கள் பக்கம் பழைய பிளேஸ்டேஷன் 3 யாரிடமாவது சும்மா கிடந்தால் எனக்கும் சொல்லுங்கள்.